விலகி நின்ற நகல்

1950களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணினி அறைகளில் சுழன்ற டேப் ரீல்களின் பின்புறத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் டேப்பில் எதையும் எழுத முடியும். வளையம் இருந்தால் டிரைவில் உள்ள சிறு ஊசி அழுத்தப்பட்டு எழுதும் சுற்று இயங்கும். வளையத்தைக் கழற்றிவிட்டால் ஊசி பள்ளத்துக்குள் நீண்டுவிடும். அதன்பின் டேப்பை வாசிக்கலாம், அழிக்க இயலாது. புரோகிராமில் பிழை இருந்தாலும் சரி, கட்டளை இடுபவர் நிறுவனத்தின் தலைவரே ஆனாலும் சரி, ஒருவர் எழுந்து போய் ரீலை இறக்கி வளையத்தை மாட்டாதவரை அதில் ஓர் எழுத்தும் மாறாது. பத்துக் காசு பெறாத பொருள். ஆனால் பேக்கப்பின் எழுபது ஆண்டு வரலாற்றில் எது கைவிட்டுப் போனது, எதைத் திரும்பக் கொண்டுவர இன்று இவ்வளவு பாடுபடுகிறோம் என்பதை அந்த வளையத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள அலுவலகத்தில் பேக்கப் பற்றிய பேச்சு வந்தாலே, எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்பதுதான் முதல் கேள்வி. விலை என்ன, வேகம் எப்படி, கிளவுடில் ஏற்றுமா, தானாக ஓடுமா என்று ஒப்பிடுவதற்கு அட்டவணைகள் ஏராளம். வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டியது என்று தோன்றுகிறது. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் நகலை மூலத்துக்குக் கொஞ்சம் அருகே இழுத்து வந்தது. அருகே வர வர நகலெடுப்பது எளிதானது, மலிவானது. அதுவரை இருந்த தூரம் எல்லோருக்கும் வெறும் தொல்லையாகத்தான் தெரிந்தது. அதுவே ஒரு பாதுகாப்பாகவும் இருந்ததை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆகவே அது போனபோதும் யாரும் கவனிக்கவில்லை. தூரம் என்று இங்கே சொல்வது கிலோமீட்டரை மட்டுமில்லை. மூலத்தை அழிக்கக்கூடிய கை நகலையும் எட்டுமா, எட்டாதா என்பதுதான் கணக்கு.

டேப் காலத்துச் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஊழியர் விவரங்கள் எல்லாம் ஒரு டேப்பில் இருக்கும், அது மாஸ்டர். அந்த வாரத்து வேலை நேரம், விடுப்பு, புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள் எல்லாம் இன்னொரு டேப்பில். கணினி இரண்டையும் வாசித்து, திருத்திய மாஸ்டரை மூன்றாவதாக ஒரு புது டேப்பில் எழுதும். ஓடும் டேப்பின் நடுவில் ஒரே ஒரு வரியைத் திருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம் என்பதால், பழைய மாஸ்டரின் மேலேயே எழுதும் பேச்சுக்கு இடமில்லை. வேலை முடிந்ததும் பழைய மாஸ்டர் தானாக மிஞ்சும். புதியது மகன், பழையது அப்பா, அதற்கும் முந்தியது தாத்தா என்று மூன்று தலைமுறைகளை வைத்துக்கொண்டு, அடுத்த முறை தாத்தா டேப்பை எடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள். இதில் பேக்கப் என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. அன்றாட வேலையின் மிச்சம்தான் பேக்கப். மகன் டேப் பழுதானால் அப்பாவையும் அந்த வாரத்து மாற்றங்களையும் ஏற்றி அதே புரோகிராமை இன்னொரு முறை ஓட்டுவார்கள். வாரா வாரம் செய்கிற வேலையாதலால், மீட்க முடியுமா என்ற சந்தேகம் எழ வழியில்லை.

அதே காலத்தில்தான் நகலைத் தொலைவில் வைப்பதும் ஒரு தொழிலானது. அமெரிக்காவில் ஹெர்மன் நாஸ்ட் என்ற காளான் வியாபாரி, காளான் வளர்ப்பதற்காக வாங்கிப்போட்ட பழைய இரும்புச் சுரங்கத்தை 1951இல் ஆவணக் காப்பகமாக மாற்றினார். அணுகுண்டு விழுந்தாலும் தப்ப வேண்டும் என்பது அன்றைய பயம். இன்று உலகெங்கும் ஆவணங்களையும் டேப்களையும் காத்துத் தருகிற அயர்ன் மவுன்டன் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். முதலில் காகிதங்கள் போயின. பிற்பாடு டேப்களும் வேனில் ஏறிப் போயின. வேனில் ஏறிய டேப்பை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது என்பதை அப்போது யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு எப்படி இருக்க முடியும் என்பதே அன்றைய நினைப்பு.

முதல் இழப்பு டிஸ்க் வந்தபோது நேர்ந்தது. ஐபிஎம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க்கில் 50 தட்டுகள், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எந்த இடத்துக்கும் நேராகப் போய் ஒரு வரியை மட்டும் திருத்தலாம். அதுதான் அதன் பெருமை. திருத்திய கணத்தில் பழைய வரி போய்விடும். மகன் பிறக்கும்போதே அப்பா காணாமல் போகும் ஏற்பாடு இது. நகல் வேண்டுமென்றால் இனி அதற்கென்று நேரம் ஒதுக்கி, ஆள் வைத்து, தனியாக எடுக்க வேண்டும். பேக்கப் ஓர் உபரி வேலையாக, தள்ளிப்போடக்கூடிய வேலையாக மாறியது இங்கேதான். பின்னால் வந்த கருவிகள் எல்லாம், இந்த உபரி வேலையின் சுமையை எப்படிக் குறைக்கலாம் என்று யோசித்தவர்கள் தந்த விடைகள்.

யூனிக்ஸ் உலகின் விடை டம்ப், டார் என்ற இரண்டு கட்டளைகள். 1979இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து டார் இருக்கிறது. இன்றும் லினக்ஸ் சர்வர்களில் அன்றாடம் ஓடுகிறது. டம்ப் இன்னும் நுட்பமானது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை அதற்குப் படிநிலைகள் உண்டு. பூஜ்யம் என்றால் முழு நகல். மற்ற எண் எதைக் கொடுத்தாலும், அதைவிடக் குறைந்த எண்ணில் கடைசியாக எடுத்த நகலுக்குப் பிறகு மாறியவை மட்டும் டேப்புக்குப் போகும். பெர்க்லி யூனிக்ஸின் கையேடு, ஹனோய் கோபுரப் புதிரைத் தழுவி 3, 2, 5, 4, 7, 6, 9, 8, 9, 9 என்ற வரிசையில் தினசரி நகல்களை எடுக்கச் சொன்னது. குறைந்த டேப்பில் அதிக நாள்களைக் காப்பது எப்படி என்ற கணக்கு அது. கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கையேட்டின் இன்னொரு யோசனை: மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ முழு நகலைப் புது டேப்களில் எடுத்து, அவற்றை எப்போதும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கனத்துக்கு இவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள், மறுபயன்பாடே இல்லாத டேப்களுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

சிறு நெட்வொர்க்குகளின் கதை 1983க்குப் பிறகு தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தது. உடன் வந்த டாஸ் 2.0இல் பேக்கப், ரிஸ்டோர் என்று இரு கட்டளைகள். 360 கேபி ஃப்ளாப்பிகளில் அந்த டிஸ்க் முழுவதையும் இறக்க ஏறக்குறைய 30 ஃப்ளாப்பி வேண்டும். ஒவ்வொன்றாகச் செருகி, எண் எழுதி ஒட்டி, வரிசை குலையாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். இதை யார் தினமும் செய்வார்கள்? பிறகு நாவெல் நெட்வேர் வந்து, பல கணினிகளின் கோப்புகள் மூலையில் இருந்த ஒரே சர்வரில் சேர்ந்தன. சர்வரோடு ஒரு டேப் டிரைவும் வந்தது. 1972இல் 3எம் அறிமுகப்படுத்திய கால் அங்குல டேப் கார்ட்ரிட்ஜின் வாரிசுகளும், 1989இல் சோனியும் ஹெச்பியும் கொண்டுவந்த டிடிஎஸ் கேசட்டும் சிறு அலுவலகங்களின் அடையாளமாயின. டிடிஎஸ் கேசட் பாட்டு கேசட்டைவிடச் சிறியது. தொடக்கத்தில் 2 ஜிபி வரை பிடிக்கும். அதன் ஓரத்தில் நகத்தால் நகர்த்தக்கூடிய ஒரு சிறு தடுப்பு உண்டு. பழைய வளையத்தின் வாரிசு அது. திங்கள் முதல் வெள்ளி வரை எழுதி ஒட்டிய ஐந்து கேசட்டுகள், மாலையில் மாற்றிச் செருகுவதற்கு ஒரு ஆள், வெள்ளிக்கிழமைக் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளியின் கைப்பை. பெரிய நிறுவனத்தில் ஆபரேட்டர் செய்ததை இங்கே கணக்கரோ தட்டச்சரோ செய்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். டேப்பை இப்படி உயர்த்திப் பேசுகிறாயே, அந்தக் கேசட்டுகளை உண்மையில் யார் ஒழுங்காக மாற்றினார்கள்? புதன்கிழமை லீவு போட்டால் செவ்வாய்க் கேசட்டே உள்ளே கிடக்கும். அதன் மேலேயே எழுதப்படும். டிரைவின் தலைப்பகுதி சற்றே கோணினால், அதில் எழுதிய டேப்பை வேறெந்த டிரைவும் வாசிக்காது; அந்த டிரைவ் எரிந்துபோன பிறகுதான் அது தெரியவரும். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜ் உறை பிரிக்காமலே மேஜை டிராயரில் கிடக்கும். எல்லாம் உண்மை. டேப் நல்ல ஊடகமா என்ற வழக்கில் நான் வாதாட வரவில்லை. மனிதர் மறந்துவிடுவார் என்ற குறையைத் தீர்க்க தானியங்கும் கருவிகள் தேவைப்பட்டன. அவை வந்ததால்தான் பல அலுவலகங்களில் முதன்முறையாக தினமும் நகல் எடுக்கப்பட்டது. ஆனால் தானியக்கத்தையும் தூரத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு சான்று உண்டு.

1990களின் தொடக்கத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் எழுதப்பட்ட அமாண்டாதான் அந்தச் சான்று. துறையில் டிஸ்க் உள்ள கணினிகள் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேப் டிரைவ் வாங்குவது கட்டுபடியாகாது. ஜேம்ஸ் டா சில்வாவும் ஓலாஃபுர் குட்முண்ட்சனும் எழுதிய அமாண்டா, பல கணினிகளின் டம்ப்களை நெட்வொர்க் வழியாக ஒரே நேரத்தில் இழுத்து, முதலில் இடைத்தங்கல் டிஸ்க் ஒன்றில் சேர்த்து, பிறகு வரிசையாக ஒரே டேப்புக்கு இறக்கும். எந்தக் கணினிக்கு இன்று முழு நகல், எதற்கு மாறியவை மட்டும் போதும் என்பதை, டேப்பில் இருக்கும் இடத்தைப் பார்த்து அதுவே முடிவு செய்யும். டேப்பின் தொடக்கத்தில் அந்த டேப்பின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, தவறான டேப் செருகியிருந்தால் அதன் மேல் எழுத மறுத்துவிடும். மாலைக்கு முன்பே டிரைவைச் சோதித்து, இன்ன டேப் இல்லை என்று ஆபரேட்டருக்கு மெயில் அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. மறதிக்கு மருந்து கிடைத்தது. நகலும் கடைசியில் டிரைவிலிருந்து கழன்று அலமாரிக்குப் போனது. இந்த வரலாற்றில் ஒரு நல்ல சமநிலை எட்டப்பட்ட இடம் என்று அமாண்டாவைச் சொல்வேன். பலர் அதைக் கடந்துபோய்விட்டதற்கு அதன் குறை காரணமில்லை. ஹார்ட் டிஸ்க் விலை சரிந்ததுதான் காரணம்.

1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க்கை வெளியிட்டார்கள். மெதுவான இணைப்பில் இரு கணினிகளின் கோப்புகளை ஒன்றாக்குவது எப்படி என்ற பிரச்சினைக்கு அது அழகான தீர்வு. பழைய கோப்பு உள்ள பக்கம் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுருக்க எண் கணக்கிட்டு அனுப்பும். புதிய கோப்பு உள்ள பக்கம் அந்தத் துண்டுகள் தன்னிடம் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, அவற்றில் அடங்காத பகுதிகளை மட்டும் திருப்பி அனுப்பும். அடுத்த பத்தாண்டில் இதன் மேல் ஒரு புதுப் பழக்கமே வளர்ந்தது. மாறாத கோப்பை மறுபடி எழுதாமல் ஹார்ட் லிங்க்கால் சுட்டிவிட்டால், ஒவ்வொரு நாளின் ஃபோல்டரும் முழு நகல் போலவே தெரியும், இடமோ மாற்றங்களுக்கு மட்டும் செலவாகும். ஆர்ஸ்னாப்ஷாட் அப்படி வந்தது. ஆப்பிள் 2007இல் டைம் மெஷினை அதே உத்தியில் கட்டியது. பெரிய நிறுவனங்களுக்கு டிஸ்க் பேக்கப் பெட்டிகளை விற்ற டேட்டா டொமைன், டேப்பைக் கொச்சையாகப் பழிப்பதையே விற்பனை வாசகமாக்கியது. அதன் தலைவர் ஃபிராங்க் ஸ்லூட்மன் பிறகு எழுதிய நூலின் தலைப்பும் அந்தப் பழிச்சொல்தான்.

இவை ஏன் வென்றன என்பதை மறைக்கக் கூடாது. டேப்பிலிருந்து ஒரு கடிதத்தை மீட்க அரை மணி நேரம் டேப் ஓட வேண்டும். இங்கே செவ்வாய்க்கிழமை ஃபோல்டரைத் திறந்து இழுத்துப் போட்டால் முடிந்தது. ஓர் அலுவலகத்தில் அடிக்கடி நேரும் விபத்து, யாரோ ஒருவர் ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்துவிடுவது அல்லது அதன் மேலேயே எழுதிவிடுவது. அதற்கு அருகில் உள்ள நகலைப் போல ஒன்று கிடையாது. ஆனால் இந்த நகல் எப்போதும் மின்சாரத்தில் இருக்கிறது, எப்போதும் நெட்வொர்க்கில் இருக்கிறது, பல இடங்களில் சர்வரின் அதே பாஸ்வேர்டுக்கே திறக்கிறது. டேப்பின் தடுப்புக்கு இணையான எதுவும் இதில் இல்லை. ஆர்சிங்க்கைத் தனி நகலாக, பழைய ஃபோல்டர்கள் இல்லாமல், மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கு என்ற கட்டளையோடு இரவில் ஓடவிட்டவர்கள் எத்தனையோ பேர். மூலம் காலியானால், விடிவதற்குள் நகலும் ஒழுங்காகக் காலியாகிவிடும். கருவி சொன்னதைத்தான் செய்தது.

பெரிய இடங்களிலும் இதே பாடம்தான். 2011 பிப்ரவரியில் கூகுளின் சேமிப்பு மென்பொருளில் ஒரு அப்டேட் பிழையால், ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் மெயில்கள் காணாமல் போயின. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகளாக வைத்திருந்தது. பிழை அந்தப் பிரதிகளையும் எட்டியது. கடைசியில் மெயில்கள் திரும்பியது டேப்களிலிருந்து. டேப்கள் இணைப்பில் இல்லாததால் பிழை அவற்றைத் தொடவில்லை என்று நிறுவனமே சொன்னது. 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் எம்.இ.டாக் மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற தீம்பொருள், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்கை அழித்தது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருந்த அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் சுமார் 150. அவை ஒன்றையொன்று பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே தனியாக பேக்கப் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாமே ஒரே நாளில் போயின. தப்பியது கானாவில் இருந்த ஒன்றுதான். மின்வெட்டால் அது அந்நேரம் நெட்வொர்க்கை விட்டு விலகியிருந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்கு இணையத்தில் அனுப்ப வேகம் போதாமல், ஹார்ட் டிஸ்க்கை ஆள்வழியாக, நைஜீரியாவில் கைமாற்றி விமானத்தில் கொண்டுபோனார்கள் என்று பத்திரிகையாளர் ஆண்டி கிரீன்பெர்க் எழுதியிருக்கிறார். மின்வெட்டைச் சபித்தே பழகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையான செய்தி.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் தலைவலி, பத்துக் கணினி அலுவலகத்தை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்தது, 2013 செப்டம்பரில் பரவத் தொடங்கிய கிரிப்டோலாக்கர். அது யாரையும் குறிவைக்கவில்லை. மெயிலில் வந்த இணைப்பைத் திறந்தவர் யாராயினும் சரி. அது அந்தக் கணினியில் டிரைவ் எழுத்து கொடுத்து இணைக்கப்பட்டிருந்த சர்வர் ஃபோல்டர்களுக்குள்ளும் நுழைந்து கோப்புகளைப் பூட்டியது. எல்லோரும் ஒரே பகிர்ந்த ஃபோல்டரில் வேலை செய்யும் சிறு நெட்வொர்க்குக்கு இதைவிடப் பொருத்தமான தாக்குதல் வேறில்லை. பிறகு வந்த பல ரான்சம்வேர்கள் முதல் வேலையாக விண்டோஸ் தானே எடுத்து வைத்திருக்கும் ஷேடோ நகல்களை அழித்தன. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள், அதாவது வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பேக்கப்புக்காகவே வாங்கி வைத்த பெட்டிகள், உலகெங்கும் தொலைவிலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கான மென்பொருள் திருத்தம் 2015லேயே நின்றுபோயிருந்தது. மூலத்துக்கு ஒன்றும் ஆகாமல், இணையத்தில் இருந்த ஒரே காரணத்தால் நகல் அழிந்தது இங்கே.

கிளவுட் இதைத் தீர்த்துவிட்டதே என்பது அடுத்த வாதம். அமேசான் எஸ்3 வந்தது 2006இல். அதன்பின் எந்தச் சின்ன அலுவலகமும் நகலை வேறொரு நாட்டிலேயே வைக்க முடிந்தது. கிலோமீட்டர் கணக்கில் அயர்ன் மவுன்டனைவிடத் தொலைவு. ஆனால் 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் நிர்வாகப் பக்கத்துக்குள் ஒருவர் புகுந்து பணம் கேட்டார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றதும், சர்வர்கள், ஸ்னாப்ஷாட்கள், பேக்கப்கள் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினார். 12 மணி நேரத்துக்குள் நிறுவனம் கடையைக் கட்டும் நிலைக்கு வந்தது. அந்த நகல்கள் எத்தனை மைல் தள்ளி இருந்தால் என்ன, அவற்றை அழிக்கும் பொத்தான் மூலத்தை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நிலத்தின் தூரமும் சும்மா வராது என்பதை 2021 மார்ச் 10 காட்டியது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, சர்வரும் அதன் நகலும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

என் வாதத்துக்கு எளிதில் அடங்காத சான்று ஒன்றும் இருக்கிறது. 2017 ஜனவரி 31 இரவில் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். நகலெடுக்கும் வழிகள் பல வைத்திருந்தார்கள். தேடிப் போனால் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் எஸ்3இல் இருந்திருக்க வேண்டும். நகலெடுக்கும் கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு. ஆகவே அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களையோ, முறையாகக் கையொப்பமிடப்படவில்லை என்று மெயில் சர்வர் ஏற்க மறுத்துவந்தது. காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட். இங்கே நகலை யாரும் எட்டிப்பிடித்து அழிக்கவில்லை, நகலே உருவாகவில்லை. தூரத்தைப் பற்றிய என் கணக்கு இதைத் தனியாக விளக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நகல் மனிதக் கையை விட்டு விலகி, மூலத்தின் பக்கத்திலேயே சத்தமில்லாமல் எடுக்கப்படத் தொடங்கியதும், அதைப் பார்க்கிற கண்ணும் போய்விட்டது. கேசட் மாற்ற வந்தவர் டிரைவில் எரியும் சிவப்பு விளக்கையாவது பார்ப்பார். சம்பளப் பட்டியல் காலத்திலோ மீட்பே அன்றாட வேலையாக இருந்தது.

3-2-1 என்ற சூத்திரம் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். இதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர். டிஜிட்டல் படங்களைக் காப்பது பற்றி இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர் எழுதியதிலிருந்து பிரபலமானது. அன்று வெளியிடத்தில் வைப்பது என்றால் ஹார்ட் டிஸ்க்கையோ டிவிடியையோ எடுத்துப்போய் வேறு வீட்டில் வைப்பது. அது தானாகவே இணைப்பில் இல்லாத நகல். அதைத் தனியாகச் சொல்லத் தேவை இருக்கவில்லை. கிளவுட் வந்த பிறகு சூத்திரத்தின் சொற்கள் அப்படியே இருந்தன, உள்ளிருந்தது கழன்று போனது. பிற்பாடு, இணைப்பில் இல்லாத ஒன்று, பிழை பூஜ்யம் என்று மேலும் இரண்டு எண்களைச் சேர்த்து 3-2-1-1-0 ஆக்கியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டத்திலும் இதே இடைவெளிதான். 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகள், மின்வடிவக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்கின்றன. குறிப்பிட்ட கால இடைவெளியில் என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் தினமும் என்று திருத்தினார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நாட்டில் என்ற இரண்டுக்கும் அந்த விதியில் பதில் உண்டு. சர்வரின் பாஸ்வேர்டு போனால் நகலும் போகுமா, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்ற கேள்விகள் அதில் இல்லை. ஆடிட்டர் கேட்பார், டேலி பேக்கப் எடுத்தாச்சு என்று சொல்வோம். அது அதே கணினியின் டி டிரைவில் இருக்கும்.

கருவி செய்பவர்களுக்கு இப்போது புரிந்திருக்கிறது. அமேசான் 2018இல் கொண்டுவந்த ஆப்ஜெக்ட் லாக்கின் கடுமையான வகையில், குறித்த நாள் முடியும்வரை கணக்கின் உரிமையாளராலேயே கோப்பை அழிக்க முடியாது. போர்க், ரெஸ்டிக் போன்ற இலவசக் கருவிகளில், சேர்க்கலாம் ஆனால் நீக்க முடியாது என்ற ஏற்பாட்டில் நகல் சர்வரை வைக்க வழி உண்டு. சர்வர் தன் நகலைத் தானே கொண்டுபோய் வைப்பதைவிட, நகல் கணினி வந்து சர்வரிடமிருந்து இழுத்துக்கொள்வது மேல். அப்போது நகல் கணினியின் சாவி சர்வரில் இருக்காது. அமாண்டாவும் பேக்கப்பிசியும் நெடுங்காலமாக இப்படித்தான் வேலை செய்கின்றன. பிளாஸ்டிக் வளையம் செய்ததை இன்று நாலைந்து அமைப்புகளும் மாதாந்தரக் கட்டணமும் சேர்ந்து செய்கின்றன.

தொலைவில் உள்ள நகல் பழசாகிவிடும், வெள்ளிக்கிழமை டிஸ்க்கை நம்பினால் அடுத்த வியாழக்கிழமை வரையான வேலை போய்விடும் என்பார்கள். போகத்தான் செய்யும். அதனால்தான் ஒரே நகலிடம் இரண்டு வேலையையும் கேட்கக் கூடாது. தெரியாமல் அழித்த ஃபைலுக்கு அருகில் உள்ள நகல். எல்லாம் போய்விட்ட நாளுக்கு விலகி நிற்கும் நகல். ஒரு வார வேலையை மறுபடி செய்து ஓர் அலுவலகம் பிழைத்துக்கொள்ளும். பத்து வருடக் கணக்கை மறுபடி எழுதிப் பிழைத்துக்கொள்ள முடியாது.

ஆகவே பத்துக் கணினி நெட்வொர்க்குக்கு என் தீர்ப்பு இது. புதிய எல்டிஓ டேப் டிரைவின் விலை சில லட்சங்கள், அது வேண்டாம். அருகில் உள்ள நகலுக்கு, நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு நாஸ் சேமிப்புப் பெட்டியோ பழைய கணினியோ போதும். அது சர்வரிலிருந்து தானே இழுத்துக்கொள்ளட்டும், அதன் பாஸ்வேர்டு அலுவலகத்தில் வேறெங்கும் புழங்க வேண்டாம். விலகி நிற்கும் நகலுக்கு, இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளை மாறி மாறிப் பயன்படுத்துங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது கட்டாயம் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இணைய வேகமும் பணமும் இடம் கொடுத்தால், பூட்டு உள்ள கிளவுட் சேமிப்பை இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். மென்பொருளைப் பொறுத்தவரை, உங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்கு எது பழக்கமோ அதுவே நல்லது. போன வருடத்து டேலி டேட்டாவை, பேக்கப் எடுத்த கணினியைத் தொடாமல், வேறொரு கணினியில் இந்த வாரமே ஒருமுறை மீட்டுத் திறந்து பாருங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையே செய்யுங்கள்.